சுண்ணாம்பில் போட்ட நிழல்

குரங்கணிக்கு இறங்கும் பாதையில் பாதித் தூரம் வந்த பிறகுதான், அரிவாளை எஸ்டேட்டிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. போனால் மேனேஜர் முகத்தில் விழிக்க வேண்டும்.

ஏலச் செடி முழு வெயிலையும் தாங்காது, முழு இருட்டும் அதற்கு ஆகாது. அதனால் மழைக்கு முன்பு பெரிய மரங்களில் ஏறி, வெளிச்சத்தை மறைக்கிற கிளைகளைக் கழித்துவிடுவோம். கவாத்து என்று சொல்வது அதைத்தான். அன்று நான் வெட்டியது சரியான மரம், சரியான கிளை. அந்தக் கிளையின் நிழலில்தான் மேனேஜர் தன் ஜீப்பை நிறுத்துவார் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. மத்தியானம் அரைக்கால்சட்டையோடு ஜீப் சீட்டில் உட்கார்ந்தவர், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார். மறுநாள் விடிந்ததும் நான் பாதையில் இருந்தேன்.

தம்பிகளா, நீங்கள் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். வீட்டுத் தோட்டம் போடும் வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று என்னைக் கேட்கிறீர்கள். ஒரு ஜீப் சீட்டு சுட்டதால் வந்தேன். எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது.

குரங்கணியில் போடிக்குப் போகிற ஜீப் நின்றிருந்தது. கீழே ஏல மூட்டைகள், மூட்டைகளுக்கு மேல் ஆட்கள். நான் பின்பக்கம் தொற்றிக்கொண்டேன். அட்டை கடித்த இடங்களில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. மற்றபடி நன்றாகத்தான் இருந்தேன்.

மூட்டைமேல் வெள்ளை வேட்டியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஏல வியாபாரம், பெயர் பெருமாள் என்று பிறகு தெரிந்தது. என் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மலையில என்னப்பு சோலி பாத்த?"

"நெழல் சோலிண்ணே."

"நெழல்ல உக்காந்திருக்கிற சோலியா? அந்தச் சோலி எங்க வீட்லயும் ரெண்டு மூணு பேரு பாக்குறாக."

ஜீப்பே சிரித்தது. நான் விளக்கினேன். எந்த மரத்தின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி மரத்தைச் சரிசெய்கிற வேலை என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"புது வீடு கட்டிருக்கோம். வர்ற முகூர்த்தத்துல பால் காய்ச்சுறோம். முத்தம் மொட்டையாக் கெடக்கு. வெயிலு மூஞ்சியில அடிக்குது. தோட்டம் போடத் தெரியுமா?"

"தெரியும்ணே" என்றேன். அதுவரை நான் ஒரு வீட்டுக்கும் ஒரு ரோஜாச் செடிகூட வைத்ததில்லை. வெறும் வயிற்றோடு இருப்பவனிடம் தெரியுமா என்று கேட்டால் வேறு பதில் வராது.

அது ஒரு வீடல்ல, இரண்டு வீடு. அண்ணன் பெருமாளுக்கு மேற்கே ஒன்று, தம்பி வேலுவுக்குக் கிழக்கே ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. நடுவில் பொதுவாக ஒரு பெரிய முற்றம். அண்ணன் பக்கத்து ஓரத்தில் கிணறு. முற்றத்தில் செங்கல் துண்டும், காரை உதிரலும், கம்பி நறுக்கும் தவிர ஒரு புல் இல்லை. ஒரு ஓணான் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை என் கண்ணால் கண்டேன்.

அண்ணன் மனைவி பாப்பாத்தியும் தம்பி மனைவி சரசுவும் கூடப்பிறந்த அக்கா தங்கை. அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கையைக் கொடுப்பது அந்தப் பக்கம் சாதாரணம். அக்கா கிணற்றில் இறைப்பார், தங்கை குடத்தை இடுப்பில் வைத்து முற்றத்தைக் கடந்து போவார், போகிற வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். குடம் வீட்டுக்குள் போன பிறகும் பேச்சு முற்றத்தில் நடந்துகொண்டிருக்கும். இந்த நடமாட்டத்தைத்தான் நான் முதலில் கவனித்திருக்க வேண்டும். நான் சூரியனைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பூசாத அறையில், சிமெண்ட் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டேன். சாப்பாடு இரண்டு வீட்டிலிருந்தும் வந்தது. அப்படி ஒரு வசதி அதற்கு முன்பு எனக்கு வாய்த்ததில்லை.

திட்டம் தயாரானது. துணி துவைக்கும் கல்லடியில் வாழை. கொல்லையில் கறிவேப்பிலை, முருங்கை. வாசல் ஓரங்களில் செம்பருத்தி, பவளமல்லி. நடுவில் ஒரு மாமரம். ஒவ்வொன்றும் வரவேண்டிய இடத்தில் ஒரு முளைக்குச்சி அடித்தேன். அதுவரைக்கும் தவறில்லை. ஆனால் நான் ஏலத்தோட்டத்துக்காரன். எனக்கு மரம் பெரிதல்ல, அதன் நிழல்தான் பெரிது. மாமரம் வளர்ந்து நின்றால் மத்தியான நிழல் எதுவரைக்கும் விழும் என்று வீட்டுக்காரருக்குக் காட்டிவிட ஆசைப்பட்டேன். கயிற்றைப் பிடித்து, வெயிலின் சாய்மானம் பார்த்து, வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்புப் பொடியால் தரையில் ஒரு பெரிய வட்டம் போட்டேன். கொஞ்சம் நீளவாக்கில், நிஜ நிழல் மாதிரியே வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

இப்போது நீங்கள் கம்ப்யூட்டரில் மரத்தை முழுசாக வளர்த்து, அதன் கீழே ஒரு நாற்காலியும் போட்டுக் காட்டுகிறீர்களே, அதைத்தான் நான் அன்று சுண்ணாம்பில் செய்தேன். அதன் ஆபத்தும் அதேதான். காட்டிய உடனே ஆட்கள் அதற்குள் குடியேறிவிடுவார்கள்.

முதலில் குடியேறியது பாப்பாத்தி. முறத்தோடு வந்து, சுண்ணாம்புக் கோட்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, ஏலக்காயில் காம்பு கிள்ள ஆரம்பித்தார். உச்சி வெயில். நெற்றியிலிருந்து வேர்வை முறத்தில் சொட்டியது.

"ஏங்க்கா வெயில்ல உக்காந்திருக்க?" என்றார் தங்கை.

"நெழல்லதாண்டி உக்காந்திருக்கேன். கோட்டப் பாரு."

"அய்யய்யோ, அப்ப எம் மொளகா?"

சரசு காயப்போட்டிருந்த மிளகாய் வட்டத்துக்குள் கிடந்தது. நிழலில் கிடந்தால் மிளகாய் பூஞ்சணம் பூத்துப்போகும் என்று அவசர அவசரமாக வாரி, கோட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார். அங்கேயும் அதே வெயில்தான். சாயங்காலம் தெருக்காரர் ஒருவர் தன் ஆட்டை இழுத்து வந்து வட்டத்துக்குள் கட்டிவிட்டு, "சித்த நேரம் நெழல்ல நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் பெருமாள் அண்ணன் காபியோடு வந்து வட்டத்தைச் சுற்றி நடந்தார். பாதிச் சுற்றில் நின்றார்.

"தம்பி, இந்த நெழலு முச்சூடும் அவன் பக்கம்ல கெடக்கு?"

"மத்தியானத்துக்கு மேல பொழுது மேற்க இருக்கும்லண்ணே. நெழலு கெழக்கதான் விழுகும். காலை நெழலு உங்க பக்கம் வரும்."

"காலையில எவன்யா நெழல் கேட்டான்? கன்னு வாங்கி வைக்கிறது நானு, மத்தியானம் கட்டில் போட்டுத் தூங்குறது அவனா?"

இது காதில் விழுந்து தம்பி வேலு வெளியே வந்தார். கையில் பல்பொடி.

"எனக்கு ஒன்னோட நெழலு வேணாம்ணே. ஆடி மாசம் மலைக்காத்து மேற்கயிருந்து அடிக்கும்போது, ஒம் மரத்துச் சருகு பூராம் யார் வாசல்ல வந்து விழுகும்? எம் பொண்டாட்டி ஒம் மரத்துக்குக் கூட்டிப் பெருக்கணுமா?"

"சருகு விழுந்தா கூட்டு. மாங்கா விழுந்தா மட்டும் வாய மூடிக்கிட்டு எடுத்துக்கிருவேல்ல?"

"எம் பக்கம் விழுந்தா எங் காயி."

"மரம் என்னது, காயும் என்னது!"

"அப்ப சருகும் ஒன்னதுதான? வந்து கூட்டு!"

அந்த மரத்தின் கன்றுகூட இன்னும் எந்த ஊர் நாற்றங்காலில் இருந்ததோ தெரியாது. ஆனால் சண்டை நிஜச் சண்டை. அரைமணி நேரத்தில் அது மாமரத்தை விட்டு, பழைய வீட்டு அண்டா, அப்பன் காலத்துத் தோட்டத்து வரப்பு என்று போய்ச் சேர்ந்தது. கடைசியில் தம்பி, "பால் காய்ச்சுறதுக்குள்ள நடுவுல சுவரு எழுப்பலனா நான் எங்கப்பனுக்குப் பெறக்கல, குலசாமி மேல சத்தியம்" என்றார். அண்ணன் விடவில்லை. "எழுப்பு. ஆனா முளைக்குச்சி அடிச்ச எடத்துல எம் மரம் நிக்கும். சுவரத் தாண்டி அந்த வீட்டு ஆளு ஒருத்தர் எங் கெணத்துக்கு வரக்கூடாது. அதே குலசாமி மேல சத்தியம்" என்றார்.

அன்று சாயங்காலம் சரசு கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றார். வேறு தண்ணீர் என்றால் தெருமுனைக் குழாய்தான்.

"அந்தக் கொழாயில எப்ப தண்ணி வரும்னு அந்தக் கொழாய்க்கே தெரியாதேக்கா. தண்ணிய விடு, ஒன்னயப் பாக்க நான் எந்த வழியா வருவேன்? தெருவச் சுத்தி விருந்தாளி மாதிரி வரவா?"

பாப்பாத்தி இரண்டு குடம் அதிகமாக இறைத்துக் கொடுத்தார். பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ எஸ்டேட்டில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தப் பார்வைக்குப் பதில் இவர்களும் திட்டியிருக்கலாம். அன்று இரண்டு வீட்டிலிருந்தும் சோறு வந்தது. இரண்டிலும் உப்பில்லை.

ஓடிப்போக எனக்கு நன்றாகத் தெரியும். அது ஒன்றில்தான் நான் தேர்ந்தவன். துணியை மூட்டை கட்டிக்கூட வைத்தேன். ஆனால் அந்த வட்டத்தைப் போட்டது நான். அழிக்கலாம் என்று விளக்குமாற்றை எடுத்துப் போனால், அண்ணன் "கோட்டத் தொடாத, நாளைக்கு மாமா வந்து பாக்கணும்" என்று தடுத்துவிட்டார்.

மாமா என்பது சிலமலையிலிருந்து வரவேண்டிய மாமனார். அண்ணனுக்கும் தம்பிக்கும் அவர் ஒருவரே மாமனார். பஸ்சை விட்டு இறங்கும்போதே அவர் முகம் களைத்திருந்தது. பெரிய மாப்பிள்ளைக்குப் பேசினால் சின்ன மகள் வீட்டில் கை நனைக்க முடியாது; சின்ன மாப்பிள்ளைக்குப் பேசினால் பெரிய மகள் வீட்டில். நாற்காலி போடச் சொன்னார்.

"எங்க போடணும் மாமா?"

"நெழல்ல போடுங்க." என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏப்பா மலைக்காரா, இந்நேரத்துக்கு இந்த மரத்து நெழலு எங்கிட்டு இருக்கும்?"

காலை நேரம். நான் முளைக்குச்சிக்கு மேற்கே கை காட்டினேன். அங்கே நாற்காலி போட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைகள் இருபுறமும் நின்றார்கள். இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்டார். இடையிடையே என்னிடம் திரும்பி, "இப்ப எங்கிட்டு?" என்பார். நான் கை காட்டுவேன். நாற்காலியை ஒரு முழம் நகர்த்துவார்கள். மாப்பிள்ளைகளும் கூடவே நகர்வார்கள். உச்சிக்கு வந்தபோது நாற்காலி முளைக்குச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மூன்று பேர் சட்டையும் நனைந்திருந்தது. "நல்லா குளுகுளுனு இருக்கு மாப்ளே" என்றார். சிரிக்கவில்லை. மாப்பிள்ளைகளும் சிரிக்கவில்லை. சிரித்தால் தோற்றதாகிவிடும் அல்லவா?

கொத்தனார் வந்து சுவருக்கு நூல் பிடித்தபோதுதான் சிக்கல் முழுசாகத் தெரிந்தது. முற்றத்தின் சரிபாதியில் கட்டிய நூல் நேராக வந்து என் மாமர முளைக்குச்சியில் முட்டியது. அழகுக்காக நட்ட நடுவில் அடித்த குச்சி. கொத்தனார் அதைப் பிடுங்கக் கை வைத்தார்.

"தொட்ட, நடக்கிறதே வேற" என்றார் அண்ணன்.

"நூலு ஒரு விரக்கட நகரக்கூடாது" என்றார் தம்பி.

இரண்டும் குலசாமி மேல் அடித்த சத்தியம். சுவரும் அங்கேதான் வரவேண்டும், மரமும் அங்கேதான் நிற்கவேண்டும். மாமனார் துண்டை எடுத்து முகம் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏப்பா, நெழலு போட்டவனே. நீயே சொல்லு. ஒங்க மலையில இப்பிடி வந்தா என்ன செய்வீக?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாசற்படியில் அக்காவும் தங்கையும் நின்று பார்த்தார்கள்.  மலையில் பார்த்த ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு எஸ்டேட்டுக்கு நடுவே கல் அடுக்கிச் சுவர் வைப்பார்கள். வழியில் பெரிய மரம் வந்தால் மரத்தை வெட்டமாட்டார்கள். நிழல் இரண்டு பக்கத்து ஏலத்துக்கும் வேண்டுமே.

"மரத்துக்கு இந்தப் பக்கம் சுவர நிப்பாட்டி, அந்தப் பக்கத்துலருந்து மறுபடி ஆரம்பிப்பாகய்யா. நடுவுல அடிமரந்தான் சுவரு."

இரண்டு மாப்பிள்ளைகளும் மனதுக்குள் கணக்குப் போட்டார்கள். சுவர் வருகிறது, ஆகவே தம்பி தோற்கவில்லை. மரம் குச்சியடித்த இடத்திலேயே நிற்கிறது, ஆகவே அண்ணனும் தோற்கவில்லை. மாமனார் எழுந்தார்.

"அப்பிடியே செஞ்சிருங்க. காயி சரிபாதி. சருக ரெண்டு மாப்ளைகளும் மாறி மாறிக் கூட்டணும். எம் மகளுக கையில வெளக்குமாறப் பாத்தேன், அடுத்த பஸ்சுல வந்துருவேன்."

"சரிங்க மாமா" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

போகிற போக்கில் கொத்தனார்தான் கேட்டார். "அடிமரம் எம்புட்டுப் பெருக்கும்? எம்புட்டு எடம் விடணும்?"

வாய் வரைக்கும் ஒரு பதில் வந்துவிட்டது. தெரிந்தவன் மாதிரி பட்டென்று ஒரு அளவைச் சொல்லிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தச் சுண்ணாம்பு வட்டமும் அப்படி வந்ததுதான். தம்பிகளா, யாராவது உங்களிடம் அளவு கேட்டால், கேட்கிற ஆளைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அந்த அளவுக்குள்ளே யார் நடமாடப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். "காலையில பாத்துச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் காலையில் தோட்ட வேலை இல்லை. சுவர் முடிந்து, பால் காய்ச்சி, மனசு ஆறிய பிறகு பார்க்கலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். கன்று மட்டும் பெரியகுளத்திலிருந்து வரும் என்றார். நான் மூட்டையைத் தோளில் போட்டபோது கொத்தனார் கூப்பிட்டார்.

"கையாளு வரலப்பா. கலவை சுமப்பியா?"

மூட்டையை இறக்கினேன். என் தோட்டத்தைக் குறுக்கே அறுக்கிற சுவருக்கு நானே கலவை சுமந்தேன். வட்டத்தின் கோடு பாதிக்கு மேல் மிதிபட்டு அழிந்திருந்தது. வெயில் ஏறுவதற்குள் முதல் வரிசைக் கல் முளைக்குச்சியை நெருங்கியது. கொத்தனார் கரண்டியைத் தட்டினார்.

"சொல்லு வெரசா. எங்க நிப்பாட்ட?"

அப்போது சரசு கிணற்றடியிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். குச்சிக்குத் தெற்கே நடந்து போனார். குடம் துருத்திக்கொண்டிருந்த இடத்துக்கு நேராக ஒரு செங்கலை வைத்தேன். அவர் வெறுங்குடத்தோடு திரும்பும்போது, பாப்பாத்தி ஒரு சொம்பு மோரை எடுத்துக்கொண்டு எதிரே வந்தார். வேண்டுமென்றே வந்தாரா என்று தெரியாது. தங்கை ஒதுங்கிக் குச்சிக்கு வடக்கே நடந்தார். அந்தப் பக்கமும் குடத்துக்கு வெளியே ஒரு செங்கல் வைத்தேன்.

திண்ணென்று இரண்டு செங்கல். நடுவில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு முளைக்குச்சி. கொத்தனார் ஒரு செங்கலைப் பார்த்தார், அடுத்த செங்கலைப் பார்த்தார்.

அண்ணன் வாசலில் நின்று இருமினார். "சுவரத் தாண்டக் கூடாதுனு சத்தியம் இருக்குல்ல?"

"நான் எங்க மச்சான் சுவரத் தாண்டுனேன்? மரத்தச் சுத்தித்தான வர்றேன்" என்றார் சரசு, நிற்காமலே.

அண்ணன் முளைக்குச்சியைப் பார்த்தார். அவருடைய மரம். அது அங்கே இல்லை என்று அவர் வாயால் சொல்ல முடியாது. உள்ளே போய்விட்டார்.

கொத்தனார் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் கேட்டார். "ஏப்பா, இம்புட்டுப் பெருத்த மாமரம் எந்த ஊர்லப்பா இருக்கு?"

"மலையில இருக்குண்ணே" என்றேன். "கலவை காயுது, கல்ல வைங்க."